உள்ளதைக் கொண்டு உயரும் சேவை

பதஞ்ஜலி முனிவரின் யோக சூத்திரத்தில், கைவல்ய பாதத்தின் மூன்றாவது சூத்திரம் ஓர் உழவனைப் பற்றிப் பேசுகிறது. தியானம், சமாதி, சித்திகள் என்று உயர்ந்த விஷயங்களையே கூறிவந்த நூல் முடிவை நெருங்கும் இடத்தில், மண்வெட்டியைத் தோளில் சாய்த்தபடி ஓர் உழவன் வந்து நிற்கிறான். அவனது வயலுக்கு நீர் வேண்டும். ஏரியிலோ நீர் நிறைந்திருக்கிறது. வாய்க்காலும் வயலின் ஓரம்வரை வந்திருக்கிறது. நடுவில் இருப்பது ஒரு வரப்பு மட்டுமே. உழவன் குடம் குடமாக நீரைச் சுமந்துவந்து ஊற்றுவதில்லை. மண்வெட்டியால் வரப்பை வெட்டி மடையைத் திறந்துவிடுகிறான். நீர் தன் இயல்பினாலேயே பாய்ந்து வயலை நிறைக்கிறது.

சுவாமி விவேகானந்தர் 1896-இல் வெளிவந்த தமது ராஜயோக நூலில் இந்தச் சூத்திரத்தை மிகுந்த ஈடுபாட்டுடன் விளக்குகிறார். எல்லா ஆற்றலும், எல்லாத் தூய்மையும் ஆன்மாவில் முன்னமேயே நிறைந்துள்ளன. சாதனைகள் புதிதாக எதையும் கொண்டுவந்து சேர்ப்பதில்லை. தடைகளை நீக்குவது ஒன்றே அவற்றின் வேலை என்பது அந்த விளக்கத்தின் சாரம். கல்வியைப் பற்றியும் சமயத்தைப் பற்றியும் சுவாமிஜி கூறியவை அனைத்தும் இந்த ஓர் ஊற்றிலிருந்தே புறப்பட்டவை எனலாம்.

தியானத்தில் அமரும்போது இந்தக் கருத்தை நாம் ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் தியான அறையிலிருந்து எழுந்து நிர்வாகக் குழுக் கூட்டத்திற்கு வந்து அமர்ந்ததும் அதை மறந்துவிடுகிறோம். ஆன்மா பூரணமானது என்று காலையில் சொன்னவர்களே, மாலையில் நம்மிடம் ஒன்றும் இல்லை என்று தொடங்குகிறார்கள். இடம் இல்லை, ஆள் இல்லை, பணம் இல்லை என்று நீளும் இந்த இல்லைப்பாட்டு நம் நாட்டின் எந்த மூலையிலுள்ள பக்தர் சங்கத்திலும் கேட்கக்கூடியதுதான். வேதாந்தம் ஆன்மாவுக்கு ஒன்றும் அமைப்புக்கு வேறொன்றுமாக இருக்க முடியாது. வாழ்க்கையை இப்படி இரண்டாகப் பிளந்துகொள்வதைத்தான் சுவாமிஜி ஆயுள் முழுவதும் எதிர்த்தார்.

மத்திய இந்தியாவில் ஒரு சிற்றூர். பெயர் இங்கே தேவையில்லை. அங்குள்ள பக்தர்கள் பல ஆண்டுகளாக ஓர் இலவச மருந்தகத்தை நடத்திவந்தார்கள். கோயிலை ஒட்டிய பழைய தர்மசாலையின் தாழ்வாரம்தான் மருந்தகம். வாரத்தில் ஒரு நாள், புதன்கிழமை, இரண்டு மருத்துவர்கள் வந்து பார்ப்பார்கள். மருந்து கட்டிக்கொடுப்பவர் ஓய்வுபெற்ற கம்பவுண்டர் ஒருவர். மழைக்காலத்தில் ஒழுகும் கூரை, உட்காரப் போதிய பெஞ்சு இல்லை, கழிப்பறை இல்லை. சேவையை மேம்படுத்த வேண்டும் என்ற எண்ணம் இயல்பாகவே எழுந்தது. நன்கொடை திரட்டி, ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் நல்ல கட்டிடம் ஒன்றைக் கட்டினார்கள். பரிசோதனைக் கூடம் வந்தது, கண் பரிசோதனைக் கருவி வந்தது, டோக்கன் முறை வந்தது. மருத்துவர்களின் வசதிக்கேற்ப நாள்கள் திங்களும் சனியும் என மாற்றப்பட்டன. கம்பவுண்டருக்குக் கணினி தெரியாது. ஆகவே அவருக்குப் பொன்னாடை போர்த்தி விடைகொடுத்தார்கள்.

ஓராண்டுக்குள் நோயாளிகளின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. கட்டிடத்தில் எந்தக் குறையும் இல்லை. மருத்துவர்களும் அன்பானவர்களே. பிறகு ஏன்? காரணத்தைக் கண்டுபிடித்தவர் குழு உறுப்பினர் அல்ல, தர்மசாலையைப் பெருக்கும் பெண்மணி. புதன்கிழமை அந்த ஊரில் வாரச்சந்தை கூடும் நாள். சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து காய்கறியும் கோழியும் விற்க வருபவர்கள், விற்றுமுடித்த கையோடு தர்மசாலைக்கு வந்து மருந்து வாங்கிக்கொண்டு போவார்கள். பேருந்துச் செலவு ஒன்று, ஒரு நாள் கூலி இழப்பும் இல்லை. இப்போது சந்தையில்லாத நாளில், தனியே பேருந்து ஏறி, நெடுஞ்சாலையில் இறங்கி, நடந்து வரவேண்டும். ஏழைக்கு அது இலவச மருத்துவம் அல்ல.

அந்தச் சங்கத்தாரிடம் இருந்த மிகப் பெரிய செல்வம் அந்தப் புதன்கிழமைதான். அது அவர்களது சொத்துப் பட்டியலில் இல்லை, ஆண்டறிக்கையில் இல்லை, யாரும் நன்கொடையாகத் தந்ததும் இல்லை. ஆகவே அது கண்ணில் படவில்லை. அடுத்த செல்வம் கம்பவுண்டர். எந்தக் கிழவி மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடுவாள், எந்த வீட்டில் கணவன் குடித்துவிட்டு மருந்துப் பணத்தையும் பறிப்பான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். எந்தக் கணினியிலும் அது பதிவாகியிருக்கவில்லை.

நல்லவேளையாக அந்த அன்பர்கள் பிடிவாதக்காரர்கள் அல்லர். புதன்கிழமை மருந்தகம் மீண்டும் தர்மசாலைத் தாழ்வாரத்தில் தொடங்கியது. கூரையைச் செப்பனிட்டார்கள், பெஞ்சுகள் போட்டார்கள், ஒரு கழிப்பறை கட்டினார்கள். கம்பவுண்டரை அழைத்துவந்து உட்காரவைத்தார்கள். பரிசோதனை தேவைப்படுபவர்களைச் சங்கத்தின் வண்டியிலேயே புதிய கட்டிடத்திற்கு அழைத்துச்சென்று மாலைக்குள் சந்தைத் திடலில் கொண்டுவந்து விட்டார்கள். புதிய கட்டிடமும் வீணாகவில்லை. ஆனால் இந்த மேம்பாட்டை முதலிலேயே செய்திருந்தால், செலவான தொகையில் ஒரு சிறு பங்கே போதுமானதாக இருந்திருக்கும். ஓராண்டுக் காலம் மருந்தின்றி இருந்தவர்களின் துன்பமும் நேர்ந்திராது. இதில் இந்த இரண்டாவதுதான் நம்மை உறுத்த வேண்டியது. நோயாளியை நாராயணனாகக் கருதி வழிபடுகிறோம் என்கிறோம். வழிபாட்டுக்கு வந்த நாராயணன் வழி தெரியாமல் திரும்பிப் போனார் என்றால், அது கணக்கில் எழுதி முடித்துவிடக்கூடிய நஷ்டமா?

நம் சங்கம் வளர்ந்த விதம்

நம் சங்கத்தின் தொடக்க வரலாற்றைப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். எதுவுமே வெறும் இடத்தில் புதிதாகத் தொடங்கப்படவில்லை.

1886 ஆகஸ்டு 16-ஆம் நாள் குருதேவர் மகாசமாதி அடைந்தார். அவர் இறுதி மாதங்களைக் கழித்த காசிப்பூர் தோட்ட வீட்டின் வாடகையை இல்லற பக்தரான சுரேந்திரநாத் மித்ரர் கொடுத்துவந்தார். குருதேவர் மறைந்தபின், அந்த உதவியை நிறுத்த மனமின்றி, இளம் சீடர்கள் தங்க ஓர் இடம் பார்க்கும்படி வேண்டினார் சுரேந்திரர். அவ்வாறு கிடைத்ததுதான் வராகநகரின் பாழடைந்த வீடு. பேய் உலவுவதாக மக்கள் அஞ்சிய வீடு. அதனாலேயே வாடகை குறைவு. அங்கே முதல் மடம் எழுந்தது. ஒரு பக்தரின் தொடர்ந்த மனமும், வேறு எவரும் விரும்பாத ஒரு வீடும் சேர்ந்ததே நம் முதல் மடம்.

1897 மே 1-ஆம் நாள் ராமகிருஷ்ண மிஷன் தோன்றியது எங்கே? பாக்பஜாரில் பலராம் போஸின் இல்லத்தில். மேலை நாடுகளில் புகழ்பெற்றுத் திரும்பியிருந்த சுவாமிஜி, ஒரு பெரிய மண்டபத்தை ஏற்பாடு செய்திருக்கக் கூடாதா என்று நாம் நினைக்கலாம். குருதேவர் பலமுறை வந்து, பாடி, ஆடி, பரவச நிலை எய்திய வீடு அது. பக்தர்கள் கூடிப் பழகிய இடம் அது. அந்தப் பழக்கத்தின் மீதே மிஷன் அமைக்கப்பட்டது. அதன் வாராந்திரக் கூட்டங்களும் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அங்கேயே நடைபெற்றன.

அதே ஆண்டில் முர்ஷிதாபாத் மாவட்டத்தில் சுவாமி அகண்டானந்தர் கால்நடையாகச் சென்றுகொண்டிருந்தார். பஞ்ச காலம். உடைந்த குடத்துடன் அழுதுகொண்டிருந்த ஒரு முஸ்லிம் சிறுமியைக் கண்டார். தம்மிடம் இருந்த சில்லறைக் காசில் ஒரு குடமும் உண்ணச் சிறிதும் வாங்கிக் கொடுத்தார். அதைக் கண்டு பசித்த வேறு குழந்தைகள் வந்தன. அவரால் அந்த இடத்தைவிட்டு நகர முடியவில்லை. மஹுலாவில் தொடங்கிய பஞ்ச நிவாரணப் பணியே மிஷனின் முதல் பெரிய நிவாரணப் பணியாயிற்று. காசியில் 1900-இல் நிகழ்ந்ததும் இவ்வாறே. சுவாமிஜியின் கவிதையைப் படித்து உள்ளம் பற்றியெரிந்த இளைஞர்களுள் ஒருவர் ஜாமினி ரஞ்சன். வீதியோரம் கிடந்த ஒரு மூதாட்டிக்காக முன்பின் அறியாத ஒருவரிடம் கையேந்தி நாலணா பெற்றார். அந்த நாலணாவே பின்னாளில் காசி சேவாசிரமமாக விரிந்த பணியின் முதல் முதலீடு. (1912-இல் அந்த மருத்துவமனையைச் சுற்றிப் பார்த்த தூய அன்னையார் பத்து ரூபாய் நோட்டு ஒன்றைக் காணிக்கையாக அளித்தார். அந்த நோட்டு செலவழிக்கப்படாமல் போற்றிக் காக்கப்பட்டுவருகிறது. நாலணா செலவாகியது, பத்து ரூபாய் பாதுகாக்கப்பட்டது; இரண்டும் தத்தம் வழியில் பணிபுரிகின்றன.)

பேலூர் மடத்தின் கதை இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. 1898-இல் வாங்கப்பட்ட அந்த நிலம், இன்று நாம் காணும் பசும்புல் தரையாக இருக்கவில்லை. படகுகளைப் பழுதுபார்க்கும் துறையாகப் பயன்பட்டதால் மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. ஒரு பழைய கட்டிடம் இருந்தது. அதை இடித்துத் தள்ளவில்லை. செப்பனிட்டு, மேல்தளம் எழுப்பினார்கள். அந்த வேலைகளைக் கவனித்தவர் யார்? அரசுப் பணியில் மாவட்டப் பொறியாளராக இருந்து, 1896-இல் அனைத்தையும் துறந்து மடத்தில் சேர்ந்த ஹரிபிரசன்னர்; பின்னாளில் சுவாமி விஞ்ஞானானந்தர்.

துறவி என்பவர் பூர்வாசிரமத்தை மறந்துவிட வேண்டியவர். குலம், கோத்திரம், பதவி, பட்டம் அனைத்தும் ஹோம அக்கினியில் எரிக்கப்பட்டுவிடுகின்றன. ஆயினும் சுவாமிஜி விஞ்ஞானானந்தரிடம் அளவுகோலையும் கட்டிட வரைபடத்தையும் திரும்பக் கொடுத்தார். துறக்கப்பட வேண்டியது நான் பொறியாளன் என்ற அகந்தை. பொறியியல் அறிவு அல்ல. அந்த அறிவு இறைவன் தந்தது. இறைவனுக்கே அது திருப்பப்பட்டது. சுவாமிஜி கனவு கண்ட குருதேவரின் பெருங்கோயிலுக்கு அவரது வழிகாட்டுதலின்படி வரைபடம் தயாரித்த அவரே, நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 1938 ஜனவரி 14-ஆம் நாள், சங்கத் தலைவராக அக்கோயிலைத் திறந்துவைத்தார்.

நம் கிளைகளில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் கணக்காயர்களும் ரயில்வே ஊழியர்களும் இருக்கிறார்கள். முதல் வரிசையில் அமர்ந்து சொற்பொழிவு கேட்பதைத் தவிர அவர்களிடம் நாம் வேறு எதையாவது கேட்டிருக்கிறோமா?

ஜாம்பவானின் பணி

கடற்கரையில் வானர சேனை சோர்ந்து அமர்ந்திருந்த காட்சியை நினைவுகூர்வோம். சீதாதேவி இலங்கையில் இருக்கும் செய்தி சம்பாதியால் தெரிந்துவிட்டது. நடுவே நூறு யோசனைக் கடல். அங்கதன் ஒவ்வொருவராகக் கேட்கிறான். கஜன் பத்து யோசனை தாண்டுவேன் என்கிறான். கவாக்ஷன் இருபது. இப்படியே ஏறிக்கொண்டு போகிறது கணக்கு. முதியவரான ஜாம்பவான் தம்மால் இப்போது தொண்ணூறே இயலும் என்கிறார். அங்கதன் நூறும் தாண்டிவிடுவான். திரும்பி வருவது உறுதியில்லை.

வால்மீகி முனிவர் இந்தக் கணக்கை ஏன் இவ்வளவு விரிவாகச் சொன்னார் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. இதைவிடத் துல்லியமாக ஒரு குழுக் கூட்டத்தை எவரும் வரைந்ததில்லை. எல்லோரும் தங்கள் ஆற்றலை எடுத்துச் சொல்கிறார்கள்; கூட்டிப் பார்த்தால் காரியம் ஆகவில்லை. வெளியிலிருந்து வேறொருவரைத் தேட வேண்டும்போல் தோன்றுகிறது. ஆனால் காரியத்தை முடிக்க வல்லவர் அந்தக் கூட்டத்திலேயே, ஓர் ஓரமாக, வாய் திறவாமல் அமர்ந்திருக்கிறார். முனிவர்களின் சாபத்தால் தம் ஆற்றலைத் தாமே அறியாதவர் அனுமன். பிறர் நினைவூட்டினால்தான் அது விழிக்கும்.

ஜாம்பவான் இங்கே இரண்டு காரியங்களைச் செய்கிறார். முதலாவது, தானே போகிறேன் என்று எழுந்த அங்கதனைத் தடுக்கிறார்; தலைவன் காக்கப்பட வேண்டியவன், எல்லாவற்றையும் தன் தோளில் ஏற்றிக்கொள்வது அவன் வேலை அல்ல. எல்லா வேலையையும் தாமே செய்து களைத்துப்போகும் செயலர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டாவது, அனுமனிடம் சென்று அவரது பிறப்பையும் பலத்தையும் எடுத்துரைக்கிறார். ஜாம்பவான் அனுமனுக்குப் பலத்தைக் கொடுக்கவில்லை; மடையைத் திறந்துவிட்டார், அவ்வளவே. அதற்கு அவருக்கு அனுமனின் வரலாறு தெரிந்திருக்க வேண்டியிருந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. தன்னுடன் இருப்பவர்களின் வரலாறு தெரியாதவரால் ஜாம்பவானாக இருக்க முடியாது. பத்தாண்டுகளாகப் பிரசாதம் விநியோகிக்கும் தொண்டரின் முழுப் பெயர்கூடத் தெரியாத கிளைகள் உண்டு.

சோம்பலுக்குச் சமாதானமா?

இங்கே ஓர் ஐயம் எழும். இருப்பதைக் கொண்டு பணிசெய்க என்பது, மாற்றமே வேண்டாம் என்பவர்களுக்கு நல்ல சாக்காகிவிடாதா? எங்கள் தாத்தா காலத்திலிருந்து இப்படித்தான் என்று சொல்பவர்கள் எந்த ஊரில் இல்லை? தமோகுணம் சத்துவகுணத்தின் வேடத்தில் உலவுவதைச் சுவாமிஜி கடுமையாகச் சாடினார். ஒழுகும் கூரையை எளிமை என்றும், அழுக்கு நிறைந்த சமையலறையைப் பாரம்பரியம் என்றும் அழைப்பது அத்தகைய வேடமே.

இதற்கு விடை சுவாமிஜியின் வாழ்விலேயே உள்ளது. 1898-இல் கல்கத்தாவில் பிளேக் நோய் அச்சம் பரவியது. நிவாரணத்திற்குப் பணம் எங்கே என்ற கேள்வி வந்தபோது, தேவைப்பட்டால் மடத்திற்காக அப்போதுதான் வாங்கிய நிலத்தையே விற்றுவிடலாம் என்றார் சுவாமிஜி. பல்லாண்டுக் காலம் தங்க ஓர் இடமின்றி அலைந்த துறவியருக்கு எவ்வளவு அரிதாய்க் கிடைத்த நிலம் அது! நல்லவேளை, விற்கவேண்டிய நிலை வரவில்லை. மறு ஆண்டு பிளேக் மீண்டும் பரவியபோது சகோதரி நிவேதிதையும் சுவாமி சதானந்தரும் சேரிகளில் இறங்கிச் சுத்தம் செய்தார்கள்.

ஆக, உள்ளதைப் பயன்படுத்துவது வேறு, உள்ளதைப் பற்றிக்கொண்டிருப்பது வேறு. முன்னது யோகம், பின்னது பந்தம். இரண்டையும் பிரித்தறிய ஒரு கேள்வி உதவும். இந்தப் பொருளால், இந்த வழக்கத்தால், இந்தப் பதவியால் இன்று பயன்பெறுபவர் யார்? சேவை பெறுபவர் என்றால் அது செல்வம். சேவை செய்யும் நாமே என்றால் அது பழக்கம். பழக்கத்தைக் கைவிடத் தயங்க வேண்டியதில்லை.

கிணறு வெட்டப் புறப்பட்டவனைப் பற்றிக் குருதேவர் சொல்லும் கதை அன்பர்கள் அனைவரும் அறிந்ததே. ஓரிடத்தில் சில முழம் வெட்டி, பாறை வந்ததும் வேறிடம். அங்கே மணல் வந்ததும் இன்னோரிடம். எங்கும் நீர் கிடைக்கவில்லை. சாதனைக்காகச் சொன்ன கதைதான். ஆனால் ஓராண்டு தையல் வகுப்பு, அடுத்த ஆண்டு கணினி வகுப்பு, அதற்கடுத்த ஆண்டு யோகா முகாம் என்று தாவுகின்ற கிளைக்கும் அது பொருந்தும். வெட்டிய குழியை இன்னும் ஆழப்படுத்தினால் என்ன என்று ஒருவராவது கேட்க வேண்டும்.

புதியது தொடங்குவதில் நமக்கு ஏன் இவ்வளவு ஆசை? சற்று உள்நோக்கிப் பார்த்தால் விடை கசப்பாக இருக்கும். புதிய கட்டிடத்தில் பளிங்குக்கல் பதிக்கலாம். பளிங்குக்கல்லில் பெயர் பொறிக்கலாம். பழைய மருந்தகத்தின் கூரையை மாற்றியவர் பெயரை எங்கே எழுதுவது? நன்கொடையாளர்களை மட்டும் குறை கூறிப் பயனில்லை. கம்பவுண்டரின் சம்பளத்திற்கு என்று நாம் அவர்களிடம் கேட்பதே இல்லை, கேட்கக் கூசுகிறோம். கேட்டால் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கர்மத்தின் பலனில் பற்றுவைக்காதே என்ற கீதோபதேசம், கல்வெட்டில் பற்றுவைக்காதே என்பதையும் உள்ளடக்கியதுதான்.

கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் பகவான் கூறும் இன்னொரு நெறியும் நிர்வாகிகளுக்கு மிகவும் வேண்டியது. அறிவுடையவன், பற்றுடன் வேலை செய்யும் எளியவர்களின் மனத்தைக் குழப்பக்கூடாது. தான் ஒழுங்காகச் செயல்பட்டு அவர்களையும் ஈடுபடுத்த வேண்டும். மேம்பாடு என்ற பெயரில் பழைய தொண்டர்களை, உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று ஒதுக்கிவைப்பது இந்த நெறிக்கு மாறானது. புதிய முறை வரட்டும். அதைப் பழையவருக்குப் பக்கத்தில் அமர்ந்து கற்றுக்கொடுக்க ஓர் இளைஞர் வரட்டும். அந்த இளைஞர் கற்றுக்கொள்ள வேண்டியதும் அங்கே இருக்கும்.

வேலிக்கு வெளியே

உள்ளது என்பது நம் வேலிக்குள் இருப்பது மட்டுமல்ல. ஊரில் ஏற்கனவே நடைபெறும் நற்பணிகள் அனைத்தும், யார் செய்தாலும், இறைவனின் வாய்க்கால்களே. காசநோயை எடுத்துக்கொள்வோம். அதற்கான மருந்துகளை அரசு இலவசமாகவே வழங்குகிறது. 2018-இல் தொடங்கிய திட்டத்தின்படி நோயாளியின் ஊட்டச்சத்துக்காக மாதம் 500 ரூபாய் அவரது வங்கிக் கணக்கில் சேர்ந்தது. 2024 நவம்பர் முதல் அது 1000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆகவே நம் மருந்தகம் காசநோய்க்குத் தனியே மருந்து வாங்கிக் குவிக்க வேண்டியதில்லை. வழக்கமான சிகிச்சை ஆறு மாதம் நீளுகிறது. இரண்டாம் மாதத்தில் இருமல் நின்றதும் பலர் மருந்தையும் நிறுத்திவிடுகிறார்கள். அப்படி நிறுத்தினால் நோய் திரும்பும், மருந்துக்குக் கட்டுப்படாத வகையாகவும் மாறக்கூடும். வாரம் ஒருமுறை வீட்டுக்குச் சென்று, மருந்து சாப்பிட்டீர்களா என்று அன்புடன் கேட்கவும், வங்கிக் கணக்கில் சிக்கல் இருந்தால் உடன் சென்று தீர்க்கவும் ஒருவர் போதும். அந்த ஒருவர் வேலியின் இப்புறத்தில் இருக்கிறார், மருந்து அப்புறத்தில் இருக்கிறது. நடுவில் வெட்டவேண்டியது வரப்பு மட்டுமே.

கன்கலில் 1901-இல் சுவாமி கல்யாணானந்தர் வாடகைக்கு எடுத்த சிறு அறைகளில் தொடங்கிய சேவையும் இப்படித்தான் கால்களால் வளர்ந்தது. பிறகு வந்து சேர்ந்த சுவாமி நிச்சயானந்தர் பூர்வாசிரமத்தில் படைவீரராக இருந்தவர். ரிஷிகேசத்துச் சாதுக்கள் நோயுற்றால் கன்கலுக்கு வர இயலாது என்று கண்டு, மருந்தைச் சுமந்துகொண்டு நடந்தே அங்கே போனார். படைவீரரின் நடை அங்கே பயன்பட்டது.

அன்னையின் வீட்டுக் கணக்கு

தூய அன்னை ஸ்ரீசாரதாதேவியார் எந்த அமைப்பின் பதவியையும் வகித்தவர் அல்லர். ஆயினும் உள்ளதைப் போற்றும் கலையில் நமக்கு அவரைவிடச் சிறந்த ஆசான் இல்லை. பெருக்கி முடித்துத் துடைப்பத்தைத் தூக்கியெறிந்த ஒரு பெண்ணை அன்னை கண்டித்த நிகழ்ச்சி பலருக்கும் தெரியும். துடைப்பத்திற்கும் அதற்குரிய மரியாதை உண்டு, அதை அதன் இடத்தில் வைக்க வேண்டும் என்றார். பழங்கள் வந்த கூடை ஒன்றை வீதியில் எறிந்துவிட்டபோது, நன்றாக இருக்கிறதே என்று அதை எடுத்துவரச் செய்து, கழுவி வைத்துக்கொண்டார். இவற்றைச் சிக்கனம் என்று மட்டும் புரிந்துகொள்வது போதாது. எந்தப் பொருளும் பயனற்றது என்று அன்னையின் கண்ணுக்குப் பட்டதில்லை. அவ்வாறே எந்த மனிதரும் பட்டதில்லை.

ஜெயராம்பாடியில் அன்னைக்குப் புதிய வீடு கட்ட ஏற்பாடாயிற்று. 1915-16-ஆம் ஆண்டுகளில் அந்த வேலை நடந்தது. அருகிலுள்ள சிரோமணிபூரில் பட்டுப்புழு வளர்த்து வாழ்ந்த முஸ்லிம் குடும்பங்கள் இருந்தன. அயல்நாட்டுப் பட்டின் போட்டியால் அவர்களது தொழில் அழிந்தது. வயிற்றுப் பசியால் சிலர் வழிப்பறியில் இறங்கிவிட்டார்கள். சுற்றுப்புறமே அவர்களைக் கண்டு நடுங்கியது. வேலை கொடுக்க எவரும் முன்வரவில்லை. வேலை கிடைக்காததால் கொள்ளை, கொள்ளையடிப்பதால் வேலை கிடைப்பதில்லை. அன்னையின் வீட்டு வேலைக்கு அவர்களையே அமர்த்தினார்கள். ஊரார் முதலில் அஞ்சினார்கள். நாளடைவில் அந்த மனிதர்களின் போக்கே மாறியிருப்பதைக் கண்டு, அன்னையின் அருளால் கொள்ளையரும் பக்தர்களாகிவிட்டனர் என்று பேசிக்கொண்டார்கள்.

அவர்களுள் ஒருவன் அம்ஜத். வீட்டின் சுவரை எழுப்பியவன். ஒரு நாள் அவனை அன்னையின் வீட்டுத் தாழ்வாரத்தில் உணவுக்கு அமர்த்தினார்கள். அன்னையின் உறவுப்பெண் நளினி, தீட்டுக்கு அஞ்சி, தூரத்தில் நின்றபடியே உணவை எறிவதுபோல் பரிமாறினாள். அன்னை அதைக் காணப் பொறுக்கவில்லை. இப்படிப் பரிமாறினால் ஒருவன் எப்படி நிறைவாக உண்ண முடியும் என்று கடிந்து, தாமே அருகில் சென்று பரிமாறினார். அவன் உண்டு எழுந்ததும் அந்த இடத்தைத் தம் கையாலேயே சுத்தம் செய்தார். சாதி போய்விடும் என்று பதறிய நளினியிடம், மிஷனின் செயலராக விளங்கிய சுவாமி சாரதானந்தர் தமக்கு எப்படி மகனோ, அம்ஜத்தும் அப்படியே மகன் என்றார்.

அதற்குப் பிறகும் அம்ஜத் முற்றிலும் குற்றமற்றவனாகிவிட்டான் என்று சொல்ல முடியாது. அன்னையும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. தோட்டத்தில் விளைந்த எதையாவது எடுத்துக்கொண்டு அவன் வருவான். அன்னை அவனை உட்காரவைத்து உண்ணக் கொடுப்பார். அவன் எழுப்பிய சுவர்களுக்குள்தான் பக்தர்கள் வந்து தீட்சை பெற்றார்கள். ஜெயராம்பாடிக்குச் செல்லும் அன்பர்கள் அன்னையின் புதிய வீட்டை இன்றும் தரிசிக்கலாம்.